தொப்புள் குழாயும் ஆடிக் கிருத்திகையும்

நம் கிருத்திகைக் கூட்டத்தில் மேடையேறி இதைச் சொல்லச் சொன்னார்கள். எனக்கு முன்பல் ஒன்று கட்டுப்பல். உணர்ச்சிவசப்பட்டால் அது தனியாக வெளியே வந்துவிடும். ஆகவே எழுதித் தருகிறேன். அசல் பல், போன வருஷம் ஆடிக் கிருத்திகை அன்று மாலை, செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரி மாடியில், என் மச்சினன் காசி விட்ட குத்தில் விழுந்தது. அதற்காக நான் முருகனுக்கு நன்றி சொல்கிறேன் என்றால், குத்து மூளை வரைக்கும் போய்விட்டது என்று நினைப்பீர்கள். அடியார்களே, முழுதும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தையில்லை. பேரன் பேத்தியைப் பற்றிச் சலித்துக்கொள்ள வேண்டிய வயதில் எனக்கு ஒரு மகன் பிறந்தான். எட்டாம் மாதமே பிறந்துவிட்டான். உள்ளங்கையில் வைத்தால் விரல்கள் மிச்சமிருக்கும், அவ்வளவுதான் ஆள். நான் இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருக்கிறவன். நெருப்பு, வெள்ளம், விபத்து எல்லாவற்றையும் டீ குடித்துக்கொண்டே பார்த்துப் பழகியவன். தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் சிரிப்புக் கட்டுரை வேறு எழுதுவேன். என் மகன் பிறந்த சில நாளிலேயே ரத்தத்தில் கிருமி என்றார்கள். அன்றைக்கு எனக்கு ஒரு வாக்கியமும் வரவில்லை.

அவனை அந்தக் கிருமி அடித்தது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. ஒரு சிறிய உடம்பை ஒரு பெரிய கை பிடித்து உலுக்குவதுபோல் உலுக்கியது. நிறம் சாம்பலாயிற்று. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போயிற்று. மணிக்கட்டு இரண்டிலும் ஊசி தேடித் தேடி, இரண்டும் வீங்கி நீலமாகிவிட்டன. கடைசியில் தொப்புள் வழியாக, வயிற்றில் இருக்கும் பெரிய ரத்தக் குழாய் வரைக்கும், சேமியா தடிமனில் ஒரு குழாயைச் செலுத்தினார்கள்.

பச்சைக் குழந்தைகள் பிரிவின் டாக்டர் வைதேகி, மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். பாலக்காட்டு வழி. அவர் தமிழும் எங்கள் வீட்டுத் திருநெல்வேலித் தமிழும் ஒரே மொழிதானா என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். கண்ணாடிக்கு வெளியே நின்று எனக்குப் பொறுமையாகச் சொன்னார்.

"இந்தக் கொழாய்லதான் ஒவ்வொரு துடிப்புக்கும் அவனோட பிரஷர் என்னன்னு தெரியறது. ரத்தம் எடுக்கணும்னாலும் இதுலேயே எடுத்துக்கலாம், குத்த வேண்டாம். ஆனா ரத்தம் இதுக்குள்ள ஏறி உறைஞ்சா அடைச்சுண்டுடும். அதுக்குத்தான் அந்தப் பம்ப். துளித் துளியா உப்புத் தண்ணி, அதுல ரத்தம் உறையாம இருக்க கொஞ்சூண்டு ஹெப்பாரின். நிக்காம போயிண்டே இருக்கணும்."

"அடைச்சுட்டா டாக்டர்?"

"அடைக்கப்படாது."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது என் புத்திசாலித்தனத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் குழாயிலிருந்து வரும் அழுத்தம், குழந்தையின் தலைமாட்டில் இருந்த திரையில் சிவப்புக் கோடாக ஓடும். மலை, பள்ளம், மலை, பள்ளம் என்று. கண்ணாடி வழியாக அதுதான் பளிச்சென்று தெரியும். பார்வை நேரத்தில் வந்த காசி, "என்ன அத்தான் அது?" என்று கேட்டான். அழுகிறவனை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது, எதையாவது சொல்லிவிடுவேன். "முருகன்லே. மலை மலையா நிக்கான் பாரு" என்றேன்.

காசி என் மனைவியின் தம்பி. தாராவியில் பழைய பிளாஸ்டிக்கை அரைக்கிற பட்டறை வைத்திருக்கிறான். குடும்பம் அதை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப் குடியிருப்பில். அக்காவுக்காக உயிரைக் கொடுப்பான். யாருடைய உயிரையும் கொடுப்பான். அவன் அந்தச் சிவப்பு மலைகளைக் கைப்பேசியில் படமெடுத்துக் கொண்டுபோய் லேபர் கேம்ப் முழுக்கக் காட்டினான். ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினான். வாட்ஸப்பில் கற்பூரத் தட்டுப் படங்கள் குவிந்தன. தினமும் காலையில் எனக்குப் போன் வரும்: "அத்தான், மலை நிக்கா?" "நிக்கிலே." "அப்ப சரி." குழந்தையின் இதயம்தான் அது என்று எல்லோரும் தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். இதயத்தின் கோடு மேலே பச்சையாக ஓடுவது. அதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. எனக்குத் தெரியும். டாக்டர் சொல்லியிருந்தார். நான் திருத்தவில்லை. நான் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு இத்தனை வாசகர்கள் கிடைத்தது அதுவே முதல் தடவை.

ஆடிக் கிருத்திகை வந்தது. குழந்தைக்காகக் காசி அலகு குத்திக்கொண்டான். லேபர் கேம்ப்பிலிருந்து பால்குடம், காவடி, பறை. மழை வேறு. கோயிலில் அலகை உருவி, இரண்டு கன்னத்திலும் விபூதியை வைத்து அழுத்திக்கொண்டு, நேரே டெம்போ ஏறிவிட்டார்கள் ஆஸ்பத்திரிக்கு. பட்டறை ஆட்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், பெண்கள், அபிஷேகப் பால் ஒரு குடத்தில். தாராவியில் சந்தோஷத்துக்கும் சண்டைக்கும் ஆள் கூட்டுகிற முறை ஒன்றுதான். ஒருவன் கிளம்பினால் சந்தே கிளம்பும்.

மஞ்சள் வேட்டியும் ஈர உடம்புமாக அவர்கள் மாடி வராந்தாவை நிறைத்தபோது பார்வை நேரம். டாக்டர் வைதேகி வெளியே வந்து எங்களிடம் பேசிக்கொண்டிருந்தார். காசி கையில் விபூதி மடித்த வெற்றிலை.

"டாக்டரம்மா, நெத்தில ஒரு துளி. ஒரே ஒரு துளி."

"உள்ள வேண்டாம்பா. பெட்டிக்கு வெளியில ஒட்டி வைக்கச் சொல்றேன்."

காசி தலையாட்டினான். நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது உள்ளேயிருந்து சிஸ்டர் ஷாலினி, "மேடம்! ஜல்தி!" என்று கத்தினாள். டாக்டர் திரும்பினார். காசியும் கண்ணாடி வழியாகத் திரையைப் பார்த்தான்.

சிவப்புக் கோடு படுத்துக் கிடந்தது.

"மலை இல்ல அத்தான்," என்றான் காசி. முதலில் மெதுவாகத்தான் சொன்னான். பிறகு அவன் தொண்டையிலிருந்து வந்தது பேச்சில்லை. "மலை போச்சி! கொன்னுட்டாவ! எம்மருமவனைக் கொன்னுட்டாவலே!"

டாக்டர் உள்ளே ஓடப் போனார். தப்பித்து ஓடுகிறார் என்று காசி நினைத்தான். பாய்ந்து அவருடைய வலது கையைப் பிடித்துப் பின்னால் முறுக்கினான். அவர் முகம் கதவு நிலையில் மோதியது. மூக்குக் கண்ணாடி உடைந்தது. உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் இறங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியாது. யாரோ பால்குடத்தை எறிந்தார்கள். வெளிக்கதவுக் கண்ணாடி மொத்தமாக உதிர்ந்தது. காவலாளி குறுக்கே வந்தான். அவன் தலையில் நாற்காலி இறங்கியது. அவன் உட்கார்ந்தான், பிறகு படுத்தான். பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். வராந்தாவில் இருந்த எடைபார்க்கும் கருவியை ஒருவன் தலைக்கு மேல் தூக்கி ஜன்னலில் எறிந்தான். காசியின் பட்டறை ஆள் ஒருவன் சுவரில் இருந்த தீயணைப்பு சிலிண்டரைப் பிய்த்து எடுத்து, உள் கண்ணாடியை நோக்கி நடந்தான். அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் குழந்தைகள். என் குழந்தை மட்டுமில்லை, எல்லாக் குழந்தைகளும்.

உண்மையைச் சொல்கிறேன். திரையைப் பார்த்த அந்தக் கணத்தில், பச்சைக் கோடு ஓடுகிறதா என்று பார்க்க எனக்கும் தோன்றவில்லை. எனக்கும் யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது. இத்தனை புத்தகம் படித்தவன் கை தானாக மூடிக்கொண்டது. பிறகுதான் பார்த்தேன். பச்சை ஓடிக்கொண்டிருந்தது. சின்னதாக, வேகமாக, ஓடிக்கொண்டிருந்தது.

"காசி! அது இதயமில்லலே! பிள்ள உயிரோட இருக்கான்! குழாய்தான் அடைச்சிருக்கு! அவங்களை உள்ள விடு!"

என்னை யார் நம்புவார்கள்? இருபது வருஷமாக அந்தக் குடும்பத்தில் நான் எதைச் சொன்னாலும் சிரித்தே பழகியிருக்கிறார்கள். காசி என் பக்கம் திரும்பினான். கன்னத்து ஓட்டைகளில் விபூதி கரைந்து ரத்தமாக வழிந்தது. "மலைன்னு சொன்னது நீருதானவே!" என்றான். அதுவரை அவனுக்கு நான் 'நீங்க'தான், 'நீர்' போட்டுப் பேசியதில்லை. இடது கையால் குத்தினான். வலது கை டாக்டரை விடவில்லை.

நான் தரையில் கிடந்தேன். வாய் நிறைய ரத்தம், அதில் ஒரு பல். கன்னத்துக்கடியில் பாலும் கண்ணாடித் தூளும். சுற்றிலும் கால்கள். உள்ளே சிஸ்டர் ஷாலினி, "டாக்டர் கோ சோடோ! டாக்டரை விடுங்க! பேபிக்கு டைம் இல்லே!" என்று தனக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் அலறுவது கேட்டது. அவள் குரலுக்கும் என் மகனுக்கும் நடுவில் ஒரு முறுக்கப்பட்ட கை. அதை விடுவிக்க என்னால் முடியாது. அந்த மாடியில் இருந்த யாராலும் முடியாது.

அதுவரை நான் முருகனிடம் கேட்டதெல்லாம் நல்ல தமிழில் கேட்டதுதான். அடைமொழியெல்லாம் போட்டுக் கேட்பேன். அன்றைக்கு வாயில் ரத்தம். 'முருகா, அந்தப் பொம்பளை கையை விடச் சொல்லு. அந்தக் குழாயைத் திற.' அவ்வளவுதான். அதைக்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. பல்லில்லாத வாயால் சொன்னால் அவனுக்கும் புரிந்திருக்காது.

லிஃப்ட் கதவு திறந்தது.

என் மனைவி பேச்சி மேல்மாடியில் பிரசவ வார்டில் இருந்தாள். வயிற்றுத் தையல் இன்னும் ஆறவில்லை. இறங்கி நடக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். குழந்தைக்கு எடுத்துவைக்கும் பாலைத் தினமும் அவளுடைய சின்னம்மாதான் கிண்ணத்தில் கொண்டுவந்து தருவாள். அன்றைக்குச் சின்னம்மா காவடியோடு போய்விட்டாள். ஆகவே பேச்சி தானே ஒரு கையில் கிண்ணமும் ஒரு கையில் வயிறுமாக இறங்கி வந்தாள். தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நானும் முன்பு சொல்லிக்கொண்டிருந்தவன்தான்.

அவள் ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். கிண்ணத்தை, சிந்தாமல், சுவரோரமாகத் தரையில் வைத்தாள். குனிந்து நிமிர்ந்ததில் முகம் வெளுத்துவிட்டது. கூட்டம் தானாக விலகியது. நேரே போய்த் தம்பியின் கன்னத்தில், அலகு குத்தின கன்னத்தில், ஒரு அறை விட்டாள்.

அந்தச் சத்தத்தை நான் இன்னும் கேட்கிறேன். கண்ணாடி உடைந்தபோதுகூட அப்படிக் கேட்கவில்லை. காசியின் கன்னத்திலிருந்து ரத்தம் அவள் ஜாக்கெட்டில் தெறித்தது.

"கையை விடுலே."

"யக்கா... மலை போச்சிக்கா..."

"மலை போனா போட்டும். அவ கைய முறிச்சிட்டேன்னா எம்புள்ளைய யாருலே பாக்கது? நீ பாப்பியா? பிளாஸ்டிக் அரைக்க கைய வச்சிக்கிட்டுப் பாப்பியா? விடுலே, மூதி!"

காசி விட்டான். சிலிண்டரைத் தூக்கிக்கொண்டிருந்தவனைப் பார்த்து, "ஏலே, அதக் கீழ வையிலே" என்றான். அவன் வைத்தான். பேச்சி அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தாள். அவள் சேலையின் முன்பக்கம் நனைந்து சிவந்துகொண்டிருந்தது. தையல் பிரிந்திருந்தது.

டாக்டர் யாரையும் பார்க்கவில்லை. உள்ளே போய்க் கை கழுவினார். முறுக்கப்பட்ட வலது கையை இடது கையால் நீவிவிட்டுக்கொண்டார். உதட்டில் பஞ்சை வைத்து முகமூடி கட்டிக்கொண்டார். வெளியே போலீஸ் வந்து லத்தி சுழலத் தொடங்கியிருந்தது. எங்கள் ஆட்கள் மண்டையிலும் முதுகிலும் அடி விழும் சத்தம். நான் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அவர் குழந்தையின் கால்களைப் பார்த்தார். இடது பாதத்து விரல்கள் நாவல்பழ நிறத்தில் இருந்தன. பம்பைப் பார்த்தார். குழாயின் ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். காற்றுக் குமிழி இல்லை. மடிப்பு இல்லை. அப்படியானால் உள்ளேதான் அடைப்பு.

தள்ளினால் திறந்துவிடும் என்றுதான் நம் எல்லோருக்கும் தோன்றும். வீட்டுச் சாக்கடை அடைத்தால் குச்சியை விட்டுக் குத்துகிற ஜாதி நாம். தள்ளக்கூடாதாம். தள்ளினால் உறைந்த துணுக்கு உடம்புக்குள் போய் வேறு எதையாவது அடைத்துவிடும். காலோ குடலோ, எது வேண்டுமானாலும் போகும். பின்னால் இழுத்துத்தான் பார்க்க வேண்டும். வராவிட்டால் குழாயையே உருவிவிட வேண்டும். உருவினால் மறுபடி வைக்க இடமில்லை. இதெல்லாம் அவர் பிறகு எனக்குச் சொன்னது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒரு சின்ன சிரிஞ்சும் அவருடைய கட்டைவிரலும்தான்.

இழுத்தார். ஒன்றும் வரவில்லை. விட்டார். காத்திருந்தார். மறுபடி, தூங்குகிறவன் கையிலிருந்து எதையோ எடுப்பதுபோல், இழுத்தார்.

வரவில்லை.

எனக்குப் பின்னால் காசியைத் தரையில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். அவன் கத்தவில்லை. "அத்தான், உள்ள என்ன செய்றாவ?" என்று கேட்டான். "இழுக்காவ" என்றேன். "வந்துச்சா?" அடி விழுந்தது. "வந்துச்சா அத்தான்?"

மூன்றாம் முறை, சிரிஞ்சுக்குள் கறுப்பாக ஒரு நூல் வந்தது. எறும்பின் கால் அளவுக்குக்கூட இருக்காது. அதன் பின்னாலேயே சிவப்பு. நல்ல சிவப்பு. டாக்டர் அந்த சிரிஞ்சை அப்படியே கழற்றிவிட்டு, பம்பை இணைத்தார். திரையில் சிவப்புக் கோடு ஒரு தடவை திணறியது. பிறகு எழுந்தது.

"வந்துட்டுலே" என்றேன். காசி தரையில் முகத்தை வைத்து அழுதான். போலீஸ்காரர் ஒருவர், எங்கள் பாஷை தெரியாதவர், ஏனோ கையை நிறுத்தினார்.

வலது காலை வெதுவெதுப்பான துணியால் சுற்றினார்கள். நோவது இடது கால், சுற்றுவது வலது கால். கேட்டால், ஒரு கால் சூடானால் மற்றக் காலிலும் ரத்தக் குழாய் விரியுமாம். என் பகுத்தறிவு அன்றைக்கு விடுமுறையில் இருந்ததால் நான் வாதாடவில்லை. இருட்டுவதற்குள் விரல்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறின. சுண்டுவிரல் நுனி மட்டும் திரும்பவில்லை. அது பிறகு கறுத்துக் காய்ந்து உதிர்ந்துவிட்டது. முருகன் எல்லாவற்றையும் கொடுத்தான் என்று சொல்ல மாட்டேன். நான் கேட்டதைக் கொடுத்தான்.

பேச்சிக்கு மறுபடி தையல் போட்டார்கள். காவலாளிக்கு மண்டையில் எலும்பு விரிசல், பிழைத்துக்கொண்டான். காசி லாக்கப்பில் இருந்தான். மறுநாள் காலையில் டாக்டரைப் பார்த்து மன்னிப்புக் கேட்கப் போனேன். வலது கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அந்தக் கையோடும் வேலைக்கு வந்திருந்தார்.

"புகார் குடுத்திருக்கேன். வாபஸ் வாங்க மாட்டேன்."

"வாங்க வேண்டாம் டாக்டர்."

"உங்க கொழந்தையப் பாக்கறதையும் விட மாட்டேன். அது வேற, இது வேற. நேத்து அந்தச் சுவத்துப் பக்கம் வெச்சிருந்த கிண்ணத்தை யாராவது எடுத்தேளா? பால் வீணாப் போயிருக்கும்."

யாரும் எடுக்கவில்லை. அத்தனை கலவரத்திலும் அந்தக் கிண்ணத்தை அவர் பார்த்திருக்கிறார். அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. மகன் பிறந்ததிலிருந்து அதுவரை வரவில்லை.

போலீஸில் நான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். என் மச்சினனுக்கு எதிராகத்தான் சொன்னேன். லேபர் கேம்ப்பில் பாதிப் பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. வழக்கு நடக்கிறது. ஜாமீனில் வந்த காசி, தேதிக்குத் தேதி கோர்ட்டுக்குப் போகிறான். என்னை ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை. வந்த முதல் வாரமே வாசலில் நின்று, "அத்தான், பல்லு..." என்றான். "உள்ளாற வாலே. உன் மருமகன் உதைக்கான் பாரு" என்றேன். வந்து உட்கார்ந்து, ஒன்பது விரலையும் ஒரு அரை விரலையும் தடவித் தடவிப் பார்த்தான். டாக்டரைப் பார்க்கவும் போனான். அவர் அவனைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி எந்தக் கோடு எது என்று பாடம் எடுத்திருக்கிறார். இப்போது லேபர் கேம்ப்பில் யார் வீட்டுக் குழந்தை ஆஸ்பத்திரியில் இருந்தாலும் காசி போய் நிற்கிறான். தனியாகத்தான் போகிறான், ஆள் கூட்டுவதில்லை. "பச்சைதாம்லே இதயம். சிவப்பு ஏறி எறங்கத்தான் செய்யும். டாக்டரு வந்தா நவுந்து நில்லு."

நானும் மாறியிருக்கிறேன். பெரிய மாற்றமில்லை. சிரிப்புக் கட்டுரை இன்னும் எழுதுகிறேன், மலரின் ஆசிரியர் இன்னும் சிரிப்பதில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் அழுகிறவனைப் பார்த்தால் இப்போது வேடிக்கையாக எதையும் சொல்வதில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாவிட்டால் பக்கத்தில் நிற்கிறேன். முருகனிடம் கேட்கும்போது அடைமொழி போடுவதை விட்டுவிட்டேன்.

அடியார்களே, உங்களில் யாருக்கும் அப்படியொரு கண்ணாடிக்கு வெளியே நிற்கும் நாள் வரக்கூடாது. வந்தால் நம்பிக் கேளுங்கள். அழுது கேளுங்கள், கத்திக் கேளுங்கள், பல் உடைந்த வாயால் கேளுங்கள், அவனுக்குக் கேட்கும். என் குரலைக் கேட்டான். ஆனால் அவன் யார் உருவத்தில், எந்தக் கதவு வழியாக வருவான் என்று நமக்குத் தெரியாது. ஆகவே வழியை விட்டு நில்லுங்கள்.